தொழிலை விட்ட பிறகு வரும் நோய்: பாலியல் தொழிலில் உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை

கேள்வி கேட்டவர், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் தடுப்புக்கான டி.ஐ. திட்டம் (பாலியல் தொழிலில் உள்ளவர்கள் போல, தொற்று அபாயம் அதிகமுள்ளவர்களை நேரே சென்றடையும் திட்டம்) ஒன்றில் களப்பணி செய்பவர். "எங்கள் பட்டியலில் 20 வயதிலிருந்து 50 வயது வரை பெண்கள் இருக்கிறார்கள். எச்.பி.வி. டெஸ்டுக்குக் கேம்ப் போடலாம் என்கிறார்கள். எல்லாருக்கும் எடுக்கலாமா? பாசிட்டிவ் வந்தால் கேன்சர் என்று அர்த்தமா? சிகிச்சை செய்தால் எத்தனை நாள் வேலைக்குப் போகக்கூடாது?"

முதலில் சுருக்கமான பதில். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் இந்த டெஸ்டை எல்லாருக்கும் எடுக்க வேண்டாம். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு 30 வயதிலிருந்து, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து எடுங்கள். பாசிட்டிவ் என்றால் கேன்சர் அல்ல. சிகிச்சைக்குப் பிறகு நான்கு வாரம் உடலுறவு கூடாது. ஆனால் இந்தக் கேள்வியில் இல்லாத ஒன்றுதான் என் கவலை: பட்டியலில் 50 வயது வரைதான் இருக்கிறார்கள் என்கிறீர்களே, அதற்கு மேல் உள்ளவர்கள் எங்கே போனார்கள்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அவர்களைத்தான் அதிகம் தேடி வருகிறது.

காரணத்தை விளக்குகிறேன். எச்.பி.வி. என்பது ஒரே வைரஸ் அல்ல, பெரிய குடும்பம். புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை அதில் பதினான்கு போல இருக்கும். அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே உலகில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 70 சதவீதத்துக்குக் காரணம். தோலும் தோலும் உரசினாலே தொற்றிக்கொள்ளும் வைரஸ் என்பதால், உடலுறவு வாழ்க்கை உள்ள பெண்களிலும் ஆண்களிலும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போயிருக்கும். "வந்து போயிருக்கும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடலே அதை அடக்கிவிடுகிறது. அடங்காமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் தொற்றுதான் ஆபத்து. அதுவும் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் புற்றுநோயாக ஆவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, அதாவது எச்.ஐ.வி. இருந்து மருந்து எடுக்காதவர்களுக்கு, இதே பயணம் 5 முதல் 10 ஆண்டில் முடிந்துவிடலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு.

இப்போது பாலியல் தொழிலில் இருக்கும் 22 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். துணைவர்கள் பலர் என்பதால் புதிய புதிய எச்.பி.வி. வகைகள் தொற்றிக்கொண்டே இருக்கும். இன்று டெஸ்ட் எடுத்தால் பாசிட்டிவ் வர நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்த ஆண்டு எடுத்தால் அந்த வகை போய் இன்னொன்று இருக்கலாம். இந்த வைரஸை அழிக்க மாத்திரை கிடையாது. ஆக, 22 வயதில் அந்த முடிவை வைத்துக்கொண்டு செய்வதற்கு எதுவும் இல்லை, பயத்தைத் தவிர. அதைவிடக் கெடுதல், யாராவது அவசரப்பட்டு அந்தக் கர்ப்பப்பை வாயைச் சுட்டுவைப்பது. தானாகவே சரியாகப் போகிற ஒன்றுக்குச் சிகிச்சை செய்வதால் அவளுக்கு நான்கு வாரச் சம்பாத்தியம் போகும். பெரிய துண்டாக வெட்டி எடுத்துவிட்டால் பின்னால் குழந்தை குறைமாதத்தில் பிறக்கும் அபாயமும் கூடும்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பொதுவான பெண்களுக்கு 30 வயது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயது என்று தொடக்கம் வைத்தது. எச்.பி.வி. டெஸ்ட் என்றால் முதல் பிரிவுக்கு 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. 30 முதல் 49 வரை முதலிடம். 50-க்கு மேல், சரியான இடைவெளியில் எடுத்த இரண்டு டெஸ்ட் அடுத்தடுத்து நெகட்டிவ் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். நம் பெண்களில் எத்தனை பேருக்கு 50 வயதுக்குள் இரண்டு டெஸ்ட் நடந்திருக்கிறது? அநேகமாக ஒன்றுகூட நடந்திருக்காது. அவர்களுக்கு 50 தாண்டினாலும் எடுக்கத்தான் வேண்டும். இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறையும் 30 முதல் 65 வயது வரை, 5 ஆண்டுக்கு ஒருமுறை என்றுதான் சொல்கிறது. தொழிலில் இருப்பவர் என்பதற்காக ஆண்டுதோறும் எடுக்கத் தேவையில்லை. தொழில் வைரஸ் வரும் வாய்ப்பைத்தான் கூட்டுகிறது, வைரஸ் புற்றுநோயாக மாறும் வேகத்தைக் கூட்டுவதில்லை. அந்த வேகத்தைக் கூட்டுவது எச்.ஐ.வி.யும் புகைபிடிப்பதும்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். டி.ஐ. திட்டத்தின் கணக்கு "இப்போது தொழிலில் இருப்பவர்" என்ற வரையறையில் ஓடுகிறது. 60 பேருக்கு ஒரு பியர் (அவர்களில் ஒருவராக இருந்தே களப்பணி செய்பவர்), மாதாமாதம் சந்திப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி.யும் சிபிலிஸும். எச்.ஐ.வி. தடுப்புக்கு இது பொருத்தமான கட்டமைப்பு. ஆனால் 45 வயதில் வாடிக்கை குறைந்து, வீட்டு வேலைக்கோ இட்லிக் கடைக்கோ போய்விட்ட பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. அவள் 28 வயதில் வாங்கிய வைரஸ் உதிர்வதில்லை. அது முற்றுகிற வயதில் அவளைத் தேடிப் போக ஒருவரும் இல்லை. இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாகக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள். பரிசோதித்திருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய மரணங்கள் இவை.

எந்தப் பரிசோதனை என்பது அடுத்தது. நம்மூர் அரசு மருத்துவமனைகளில் பரவலாக இருப்பது வி.ஐ.ஏ., அதாவது அசிட்டிக் ஆசிட் தடவிக் கண்ணால் பார்ப்பது. இதற்கான வலுவான சான்றுகளில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்திலிருந்தே வந்தது. 2000-ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒருமுறை வி.ஐ.ஏ. செய்தார்கள். புற்றுநோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஒருமுறை எச்.பி.வி. டெஸ்ட் எடுத்த பிரிவில் இறப்பு ஏறக்குறைய பாதியானது. 2009-ல் வெளிவந்த முடிவு அது. அதனால் எச்.பி.வி. டெஸ்ட் கிடைக்கும் இடத்தில் அதை எடுங்கள். கிடைக்காத இடத்தில் அது வரட்டும் என்று காத்திருக்காமல் வி.ஐ.ஏ. செய்யுங்கள். வி.ஐ.ஏ. என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இடைவெளி 3 ஆண்டு.

வி.ஐ.ஏ.வின் நல்ல அம்சம், உங்கள் திட்டத்தில் அதற்கான பாதி வேலை ஏற்கெனவே நடக்கிறது என்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் உள்பரிசோதனையில் ஸ்பெகுலம் என்ற கருவியால் யோனியை விரித்துத்தான் பார்க்கிறார்கள். கூடுதலாகத் தேவைப்படுவது நல்ல வெளிச்சம், ஒரு கிண்ணம் அசிட்டிக் ஆசிட், ஒரு நிமிடம். செய்முறையில்தான் எல்லாம் இருக்கிறது. 5 மி.லி. கிளேசியல் அசிட்டிக் ஆசிட்டை 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் 5 சதவீதக் கரைசல். அன்றன்று கலக்க வேண்டும், மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அளக்காமல் கண்மட்டத்துக்கு ஊற்றிக் கலந்தால் சளிச்சவ்வு வெந்துபோகும். முதலில் பஞ்சால் சளியைத் துடைத்து, பிறகு கரைசலில் தோய்த்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் நன்றாகப் படும்படி வைத்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இருபது விநாடியில் எடுத்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த ஒரு நிமிடத்தில்தான் மாறிய செல்கள் வெளுக்கும். வெந்த முட்டை வெள்ளைக்கரு போல அடர்த்தியாக, ஓரம் தெளிவாக, கர்ப்பப்பைக் குழாயின் வாயோரத்தில் இருவகைத் தோல் சேரும் எல்லையைத் தொட்டுக்கொண்டு வெளுத்தால் பாசிட்டிவ். புகைபோல மங்கலாக, ஓரமே தெரியாமல் வெளுத்துச் சீக்கிரம் மறைந்தால் அது பெரும்பாலும் இயல்பான மாற்றமோ அழற்சியோதான்.

பாலியல் தொழிலில் உள்ளவர்களிடம் வி.ஐ.ஏ. தடுமாறும் இடம் அந்த அழற்சிதான். கொனோரியா, கிளமிடியா, டிரைகோமோனாஸ் போன்ற பால்வினைத் தொற்றுகள் இருந்தால் கர்ப்பப்பை வாய் சிவந்து, தொட்டாலே கசியும். அதன்மேல் ஆசிட் தடவினால் எதுவும் தெளிவாகத் தெரியாது. இல்லாததை இருக்கிறது என்பார்கள், இருப்பதை விட்டுவிடுவார்கள். சீழ் போன்ற கசிவு தெரிந்தால் அன்றைக்கு வி.ஐ.ஏ.வைத் தள்ளிவைத்து, கர்ப்பப்பை வாய் அழற்சிக்கான சாம்பல் நிற மருந்துக் கிட், யோனி அழற்சிக்கான பச்சைக் கிட் என்று எது தேவையோ அதைக் கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது சரி. ஆனால் "மறுபடி" என்பதற்கு ஒரு தேதி வேண்டும். கிட் கொடுத்து, அது போதாமல் இன்னொரு கிட் கொடுத்து, ஆறு மாதம் ஓடிவிடுகிறது. இரண்டு முறை சரியாகச் சாப்பிட்டும் வெள்ளைப்படுதல் நிற்கவில்லை, அல்லது தொட்டால் இரத்தம் வருகிறது என்றால் மூன்றாவது கிட் கிடையாது. நேரே மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வி.ஐ.ஏ.வுக்கு இன்னொரு எல்லை உண்டு. மாதவிடாய் நின்றபின் அந்த இருதோல் எல்லை குழாய்க்குள் ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது. 50 வயதுப் பெண்ணிடம் வி.ஐ.ஏ. "நெகட்டிவ்" என்பது பல நேரம் பார்க்கவே முடியவில்லை என்பதற்குச் சமம். நம் பட்டியலிலிருந்து உதிர்ந்தவர்கள் இந்த வயதுக்காரர்கள்தான். அவர்களுக்கு எச்.பி.வி. டெஸ்ட்தான் பொருந்தும். திட்டத்தில் கிடைத்த டெஸ்ட்கள் குறைவு என்றால் யாருக்கு முதலில் என்று கேட்பீர்கள். என் வரிசை: எச்.ஐ.வி. உள்ள 25 வயதுக்கு மேற்பட்டவர்கள், அடுத்து ஒருமுறைகூடப் பரிசோதிக்காத 40 முதல் 60 வயதுக்காரர்கள், அதன்பின் 30 முதல் 39.

எச்.பி.வி. டெஸ்டின் பெரிய வரம், மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்பது. வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் செய்யும் டெஸ்டுக்கு அவர் எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்த மாதிரியும் கிட்டத்தட்ட ஒரே அளவு நம்பகமானவை. பழைய ஹைபிரிட் கேப்சர் போன்ற முறைகளில் சுயமாதிரி கொஞ்சம் பின்தங்கும். ஆகவே லேபில் என்ன முறை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி ஸ்பெகுலத்தைப் பார்த்தவர்கள் நம் பெண்கள். குளிர்ந்த இரும்பும், வேறுபக்கம் பார்த்துக்கொண்டு பேசும் ஊழியரும் அவர்களுக்குப் புதிதல்ல. தானே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் வராதவர்களும் வருவார்கள்.

எடுக்கும் விதத்தை வாயால் மட்டும் சொல்லாமல் பிரஷ்ஷைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். கை கழுவ வேண்டும். ஒரு காலை ஸ்டூலில் தூக்கி வைத்து நிற்கலாம், குந்தியும் உட்காரலாம், எது வசதியோ அது. பிரஷ்ஷின் நுனியைத் தொடக்கூடாது, கீழே விழுந்தால் புதியது வாங்க வேண்டும். நடுவிரல் போகும் ஆழத்துக்கு, 5 முதல் 7 செ.மீ., உள்ளே விட்டு, தடுக்கும் இடத்தில் நிறுத்தி, ஒரே பக்கமாக மெல்ல ஐந்து சுற்று. வெளியே எடுத்து நேரே குழாயில் போட்டு மூட வேண்டும். குழாயில் திரவம் இருந்தால் அது மருந்து அல்ல. சில திரவங்களில் மெத்தனால் இருக்கும், குடித்தால் விஷம், சிந்தவும் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மூடியில் அல்ல, குழாயின் உடம்பில் கோடு எண்ணும் (பெயருக்குப் பதிலான அடையாள எண்) தேதியும் எழுதுங்கள். லேபில் மூடிகள் மாறிப்போகும்.

தவறு எங்கே நடக்கிறது? பயந்து வாசலோடு சுற்றி எடுத்துவிடுவார்கள், செல்கள் போதாது. மாதவிலக்கின் நடுவில் எடுப்பார்கள், இரத்தம் கலந்து மிஷின் "இன்வாலிட்" என்று காட்டும். இன்வாலிட் என்பது பாசிட்டிவும் அல்ல, நெகட்டிவும் அல்ல. மறுபடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாத்திரை, கிரீம் எதுவும் உள்ளே வைத்திருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். உள்ளே சோப்பு, கிருமிநாசினி, எலுமிச்சைச் சாறு போட்டுக் கழுவும் வழக்கம் பலரிடம் உண்டு. டெஸ்டுக்கு மட்டுமல்ல, எப்போதுமே அதை விடச் சொல்லுங்கள். அது நல்ல கிருமிகளைக் கொன்று துர்நாற்றமுள்ள கசிவைத்தான் வரவழைக்கும்.

"இரண்டு நாள் உடலுறவு கூடாது" என்ற நிபந்தனையை நோட்டீஸில் போடாதீர்கள். செல்களைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியருக்காக ஏற்பட்ட எச்சரிக்கை அது. இரவு ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டுக் காலையில் வந்த பெண்ணை இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அவர் திரும்ப வரமாட்டார். எடுத்துவிடுங்கள். முன்கூட்டியே திட்டமிட முடிந்தால், மாதவிலக்கில் வேலைக்குப் போகாமல் இருப்பவர்களுக்கு இரத்தம் நின்ற மறுநாள் காலை மிகப் பொருத்தம். அந்த நாளை அவர் இழக்கவும் வேண்டியதில்லை.

லேபைப் பற்றி ஒரு விஷயம். காசநோய்க்காக நிறுவிய ஜீன்எக்ஸ்பர்ட் மிஷினிலேயே எச்.பி.வி. கார்ட்ரிஜ் ஓடும், ஒரு மணி நேரத்தில் முடிவு. அது 14 வகைகளைப் பார்த்து, 16-ஐத் தனியாகவும் 18, 45 இரண்டையும் சேர்த்தும் காட்டும். இந்தியாவில் செய்யும் ட்ரூநாட் மிஷினின் முதல் எச்.பி.வி. சிப் 16, 18, 31, 45 என்ற நான்கு வகைகளைப் பார்க்கிறது. எந்த வகை என்று தனியாகச் சொல்லும் டெஸ்ட் நமக்கு மிக உதவும். பாசிட்டிவ் அதிகம் வரும் கூட்டத்தில் யாரை முதலில் பார்ப்பது என்பதை அதுதான் சொல்லும்.

"பாசிட்டிவ்" என்ற சொல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நம் பெண்களின் பேச்சில் பாசிட்டிவ் என்றால் எச்.ஐ.வி. மட்டும்தான். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் கேட்டுக் கேட்டு அப்படிப் பழகிவிட்டது. "உங்களுக்கு எச்.பி.வி. பாசிட்டிவ்" என்று போனில் சொன்னால் காதில் விழுவது முதல் எழுத்தும் கடைசிச் சொல்லும்தான். தூக்க மாத்திரையைத் தேடும் அளவுக்கு அது போகலாம். மாதிரி எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள்: "இது எச்.ஐ.வி. டெஸ்ட் இல்ல. பாதிப் பேருக்கு மேல வாழ்க்கையில ஒருதடவை வந்து போற வைரஸ். இருந்தா ஒருதடவை டாக்டர் பார்க்கணும், அவ்வளவுதான்." முடிவு சொல்லும்போது "ஒருமுறை வந்து பார்க்கணும்" என்பதே போதும். சீட்டில் எழுதுவதும் அப்படியே இருக்கட்டும்.

முடிவு வந்தபின் என்ன செய்வது? 16 அல்லது 18 இருந்தால் காத்திருக்காமல், கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு அனுப்புங்கள். கால்போஸ்கோபி எட்டாத ஊரில் வி.ஐ.ஏ. பார்த்து அன்றைக்கே சிகிச்சை செய்யலாம். மற்ற வகைகள் என்றால் வி.ஐ.ஏ. பார்த்து, வெளுத்த இடம் இருந்தால் மட்டும் சிகிச்சை. ஒன்றும் இல்லாவிட்டால் 24 மாதம் கழித்து மறுபடி எச்.பி.வி. டெஸ்ட், எச்.ஐ.வி. உள்ளவருக்கு 12 மாதம் கழித்து. பொதுமக்களிடம் "பாசிட்டிவ் என்றால் நேரே சிகிச்சை" என்ற வழியையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. தொழிலில் உள்ளவர்களிடம் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். பாசிட்டிவ் வருபவர்கள் மிக அதிகம், தேவையில்லாமல் சுட்டுவைப்பதும் அதே அளவுக்கு அதிகமாகும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இடையில் இன்னொரு பரிசோதனை வைத்தே சிகிச்சை முடிவெடுக்க வேண்டும் என்று வழிகாட்டுதலே சொல்கிறது.

சிகிச்சை எளிது. வெளுத்த இடம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, குழாய்க்குள் ஏறாமல், கர்ப்பப்பை வாயின் முக்கால் பங்குக்கு மேல் பரவாமல், புற்றுநோய் என்ற சந்தேகம் இல்லாமல் இருந்தால் தெர்மல் அப்ளேஷன் என்னும் சூட்டுச் சிகிச்சை போதும். 100 டிகிரி வரை சூடாகும் கருவி முனையை ஒவ்வொரு முறையும் 20 முதல் 45 விநாடி வைத்து, முழு இடமும் அடங்கும்படி மாற்றி மாற்றி வைப்பார்கள். மாதவிடாய் வலி போல அடிவயிறு இழுக்கும், பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம். கிரையோ என்றால் 3 நிமிடம் உறையவைத்து, 5 நிமிடம் விட்டு, மறுபடி 3 நிமிடம். மாற்றம் குழாய்க்குள் போயிருந்தால், அல்லது மிகப் பெரிதாக இருந்தால், லீப் என்ற மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை எடுத்து பயாப்ஸிக்கு (திசுவை மைக்ராஸ்கோப்பில் சோதிக்க) அனுப்புவார்கள். அன்றைக்கே வீடு திரும்பலாம். கர்ப்பமாக இருப்பவருக்குச் சுடுவது கூடாது, பிரசவம் முடியட்டும்.

இப்போது அந்த நான்கு வாரம். இது வெறும் அறிவுரை அல்ல. சுட்ட இடம் திறந்த புண். மூன்று, நான்கு வாரம் நீர்போல ஒழுகும். அந்தக் காலத்தில் எச்.ஐ.வி. தொற்றவும், ஏற்கெனவே உள்ளவரிடமிருந்து பரவவும் வாய்ப்புக் கூடும். ஆனால் தினக்கூலியாகச் சம்பாதித்து வாடகையும் பிள்ளை ஃபீஸும் கட்டுபவரிடம் நான்கு வாரம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. சிகிச்சைக்கு முன்பே பேசுங்கள். அந்த மாதத்துக்கு எங்கே கடன் வாங்குவார், சுயஉதவிக்குழுவில் கேட்க முடியுமா, வட்டிக்காரரிடம் போகாமல் இருக்க என்ன வழி என்று கணக்குப் போடுங்கள். திருவிழா, பண்டிகைக் கால வருமானத்தை நம்பியிருப்பவருக்கு அது முடிந்தபின் தேதி வாங்கிக் கொடுங்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் ஆறு வாரம் பொறுக்கும். சந்தேகப் புற்றுநோய் பொறுக்காது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எவ்வளவு சொல்லியும் அவரால் தவிர்க்க முடியாது என்றால், உண்மையை ஏற்று, ஒவ்வொரு முறையும் ஆணுறை, நிறைய லூப்ரிகண்ட், யோனிப் புணர்ச்சி இல்லாத வேறு வழிகள் என்று பேசுங்கள். துர்நாற்றம், காய்ச்சல், கட்டியாக இரத்தம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

12 மாதம் கழித்து மறுபடி எச்.பி.வி. டெஸ்ட். நெகட்டிவ் என்றால் வழக்கமான இடைவெளிக்குத் திரும்பலாம். எச்.ஐ.வி. உள்ளவர் அடுத்த 12 மாதத்தில் இன்னொருமுறை எடுத்து, அதுவும் நெகட்டிவ் என்றால்தான் திரும்ப வேண்டும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களை மறக்காமல் கேளுங்கள், நம்மூரில் 40 வயதுக்குள் எடுத்துவிட்டவர்கள் ஏராளம். கட்டி, அதிக இரத்தப்போக்கு என்று முழுதாக எடுத்திருந்தால் இந்தப் பரிசோதனை தேவையில்லை. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்துக்காக எடுத்திருந்தால் தேவை.

அறிகுறி உள்ளவருக்கு இதில் எதுவும் பொருந்தாது. உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தம், இறைச்சி கழுவிய தண்ணீர் போல நாறும் கசிவு, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கிரீனிங் அல்ல, பயாப்ஸி. தொழிலில் உள்ள பெண் உடலுறவுக்குப் பின் வரும் இரத்தத்தை "முரட்டு ஆளு, கிழிஞ்சிருக்கும்" என்று தானே சமாதானம் செய்துகொள்வார். மருத்துவமனையில் தொழில் தெரிந்துவிட்டால் அங்கேயும் அதே பதில்தான் கிடைக்கும். ஆரம்ப நிலையில் அறுவை சிகிச்சை, முற்றினால் ஐந்து வாரம் போலக் கதிர்வீச்சும், கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியும், பிறகு உள்கதிர்வீச்சும். எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், இடைவெளி விட்டால் பலன் குறையும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனை, மதுரை போன்ற ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரிகள் இதைச் செய்கின்றன. காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டும் ஆதாரும் கேட்பார்கள். முகவரிச் சான்று இல்லை என்று தயங்குபவருக்கு ஒன்று சொல்லுங்கள்: 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத் திட்ட இயக்குநரின் சான்றைக்கொண்டே ஆதார் பெறலாம், தொழில் ரகசியமாகவே இருக்கும்.

கேம்ப் பற்றி: "பாலியல் தொழிலாளர்களுக்கான" கேம்ப் என்று பேனர் கட்டாதீர்கள். தமிழ்நாட்டில் இப்பெண்களில் பெரும்பாலோர் தெருவிலும் வீட்டிலும் போனிலும் தொழில் செய்பவர்கள், கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது. எல்லாப் பெண்களும் வரும் அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவுக்கே நாலைந்து பேராக அழைத்துப் போங்கள். 30 வயதானவர் என்பது மட்டுமே அங்கே தகுதி, தொழிலைச் சொல்லத் தேவையே இல்லை. எச்.ஐ.வி. நிலையைச் சொல்வதா என்பது அவருடைய முடிவு. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய சம்மதம் இல்லாமல் அதை வெளியிடுவதைத் தடுக்கிறது. காலை எட்டு மணி என்று அழைத்தால் இரவுவேலை பார்த்தவர் வரமாட்டார். பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் நேரம் பேசி வையுங்கள். போனில் முடிவு சொல்ல வேண்டியிருந்தால் யாருடைய போன், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லிக் கேட்பது என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் சென்னையில், இந்தத் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தத்தில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த பணி அது. அன்றிலிருந்து இவர்களிடம் எடுத்த இரத்தமெல்லாம் பெரும்பாலும் இவர்களிடமிருந்து ஊருக்குப் பரவக்கூடாது என்ற கணக்கில் எடுத்ததுதான். அது அவர்களுக்கும் தெரியும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அவருடைய உயிருக்காக மட்டும் எடுப்பது. இதை அப்படியே சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

ஆணுறை எச்.பி.வி.யை முழுவதும் தடுக்காது, அது மூடாத தோலிலும் வைரஸ் உண்டு. ஆனாலும் தொற்றைக் குறைக்கிறது, உள்ள தொற்று சீக்கிரம் அடங்கவும் உதவுகிறது. வீட்டுக்காரரிடமும் "நிரந்தர" வாடிக்கையாளரிடமும் ஆணுறை போடாத வழக்கத்தை இதைச் சொல்லியும் பேசலாம். தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றைப் போக்காது. பல ஆண்டு தொழிலில் இருப்பவருக்குப் பலன் குறைவு. அவருடைய மகளுக்குப் பலன் மிக அதிகம். 9 முதல் 14 வயதுக்குள், உடலுறவு வாழ்க்கை தொடங்குமுன் போட வேண்டும். இந்தியாவில் 2022-ல் அனுமதி பெற்ற செர்வாவாக் தடுப்பூசி 6, 11, 16, 18 என்ற நான்கு வகைகளைத் தடுக்கிறது, அந்த வயதில் இரண்டு டோஸ். எச்.ஐ.வி. உள்ள சிறுமிக்கு முடிந்தால் மூன்று. தாயிடம் பரிசோதனை பற்றிப் பேசும் அதே நாளில் மகளின் வயதையும் கேட்டுவிடுங்கள். மகளுக்காக வருபவர் தனக்கும் எடுத்துக்கொள்வார்.

கடைசியாகப் பதிவேடு. டி.ஐ. பதிவேட்டில் எழுதாமல் தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். கோடு எண், பிறந்த ஆண்டு, எச்.பி.வி. அல்லது வி.ஐ.ஏ. எடுத்த தேதி, முடிவு, சிகிச்சைத் தேதி, அடுத்து வரவேண்டிய மாதமும் ஆண்டும், இரண்டு தொடர்பு எண்கள். ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் நம்பும் தோழியுடையது, ஏனென்றால் சிம் மாறும், பெங்களூருக்கோ மும்பைக்கோ போய் ஆறு மாதம் கழித்து வருவார். "தொழிலில் இருக்கிறாரா" என்ற பத்தி அந்த நோட்டில் வேண்டாம். பழைய பட்டியல்களை எடுத்து, கடந்த பத்து ஆண்டில் நீக்கிய பெயர்களில் இப்போது 40-க்கும் 65-க்கும் இடையில் இருப்பவர்களை முதலில் எழுதுங்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பழைய பியர்களுக்குத் தெரியும். பூ கட்டும் இடமும், மெஸ்ஸும், வேறொருவர் வீட்டுச் சமையற்கட்டும் அவர்கள் சொல்லித்தான் கிடைக்கும்.